சோற்றுத் தட்டும் எச்சில் மரபணுவும்: தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி,

போனில் நீ கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வரும். எச்சிலில் மாவுச்சத்தை வெட்டும் நொதிக்கான மரபணு உனக்கு எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிச் சொல்கிற பரிசோதனைக்குப் பணம் கட்டாதே. அந்தக் காசுக்கு வீட்டுக்குக் காய்கறி வாங்கு. ஒட்டன்சத்திரம் சந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் தட்டில் காய் குறைவாக இருப்பது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

அந்த மரபணு பொய் என்று சொல்லவில்லை. அது நிஜம், படிக்கப் படிக்க ஆச்சரியமாகவும் இருக்கிறது. ஆனால் உன் வீட்டுக்காரர் குவித்துப் போட்டுச் சாப்பிட்டும் ஒல்லியாக இருப்பதற்கும், நீ அரைத் தட்டுச் சோற்றுக்கே எடை கூடுவதற்கும் அதுதான் காரணம் என்று இன்றைக்கு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. "என் ஜீன்லயே இல்லக்கா, நான் என்ன பண்ண" என்று உன்னை நீயே தாழ்த்திப் பேசினாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வாயிலேயே நடக்கிற வேலை

இன்று மதியம் குழம்பு ஊற்றுவதற்கு முன்னால் வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் மென்றுகொண்டே இரு. ஒரு நிமிடம் தாண்டினால் லேசாக இனிக்கும். சோற்றில் இருப்பது மாவுச்சத்து. குளுக்கோஸ் துணுக்குகள் நீளமாகக் கோத்துக்கொண்டு நிற்பதால் அதற்கென்று இனிப்பு கிடையாது. எச்சிலில் இருக்கும் அமிலேஸ் என்ற நொதி அந்தச் சங்கிலியை வெட்டி மால்டோஸ் என்ற சர்க்கரையாக்குகிறது. அந்த இனிப்புத்தான் உன் நாக்கில் படுவது. எச்சிலுக்கு மாவுச்சத்தைக் கரைக்கும் சக்தி உண்டு என்பதை 1831இலேயே ஜெர்மனிக்காரரான லாய்க்ஸ் கண்டு எழுதிவிட்டார்.

பெரியவன் ஸ்கூலில் இதைப் படிக்கப் போகிறான். விடுமுறை நாளில் வீட்டிலேயே செய்து காட்டு. வடித்த கஞ்சியில் இரண்டு ஸ்பூன் எடுத்து, ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு நன்றாக நீர்க்கச் செய்து ஆறவிடு. மூன்று கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்று. முதல் கிண்ணத்தை அப்படியே விடு. இரண்டாவதில் அவனை எச்சில் துப்பிக் கலக்கச் சொல். மூன்றாவதில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு, பிறகு எச்சில். மூன்றையும் கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீர்த் தட்டில் கால் மணி நேரம் வை. அப்புறம் ஒவ்வொன்றிலும், புண்ணுக்குப் போடும் பெட்டாடின் ஒரு சொட்டு. எச்சில் படாத கஞ்சி கருநீலமாகும். எச்சில் கலந்தது நீலம் பிடிக்காமல் பழுப்பாக நிற்கும், அல்லது நிறம் வெகுவாக மங்கும். வினிகர் விட்ட கிண்ணமும் நீலமாகவே ஆகும், ஏனென்றால் புளிப்பில் அந்த நொதி வேலை செய்யாது. வயிற்று அமிலத்தில் அது அடங்கிப் போவதும் இதனால்தான். வினிகர் இல்லையென்று எலுமிச்சை பிழிந்துவிடாதே. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி அயோடினின் நிறத்தையே அழித்துவிடும், பையன் தப்பான முடிவுக்கு வந்துவிடுவான். முடிந்ததும் மூன்றையும் வாஷ்பேசினில் கொட்டிக் கிண்ணத்தைக் கழுவிவிடு, சின்னவள் எடுத்துக் குடித்துவிடப் போகிறாள்.

வாயில் தொடங்கியது வாயிலேயே முடிந்துவிடுவதில்லை. விழுங்கிய கவளத்தின் உட்பக்கத்துக்கு அமிலம் ஏறும்வரை எச்சிலின் நொதி வயிற்றுக்குள்ளும் கொஞ்ச நேரம் வேலை செய்யும். மீதியைச் சிறுகுடலில் கணையத்தின் அமிலேஸ் வெட்டித் தீர்க்கும். பெரிய வேலை கணையத்தினுடையது. இதை மனதில் வைத்துக்கொள். எச்சிலில் நொதி குறைவாக இருப்பவருக்குச் சோறே செரிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாமல் இருக்க இது உதவும்.

எண்ணிக்கை ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது

நம் மரபணுக்களில் பெரும்பாலானவை அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கும். எச்சில் அமிலேஸுக்கான மரபணு அப்படி இல்லை. முதல் குரோமோசோமில் அது ஒன்றையடுத்து ஒன்றாகப் பல தடவை எழுதப்பட்டிருக்கிறது. மொத்தம் இரண்டே பிரதி உள்ளவர்களும் உண்டு, பத்தைத் தாண்டியவர்களும் உண்டு. ஒரே மாதிரி எழுத்து திரும்பத் திரும்ப வருவதால், கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது இரண்டு குரோமோசோம்களும் சரியாகப் பொருந்தாமல் நழுவி, ஒன்றில் கூடியும் இன்னொன்றில் குறைந்தும் போய்விடுவது உண்டு. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் எண்ணிக்கை பரவிக் கிடக்கிறது.

நாம் இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், நமக்கு ஒரே எண்ணிக்கைதானே என்று நினைக்காதே. அம்மாவிடம் ஒரு குரோமோசோமில் மூன்றும் இன்னொன்றில் ஏழும் இருக்கிறது என்று வைத்துக்கொள். அப்பாவிடம் மூன்றும் ஐந்தும். அப்போது பிள்ளைகளுக்கு ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என நான்கு விதமாக அமையலாம். உனக்கு ஆறும் எனக்குப் பன்னிரண்டும் இருக்க வாய்ப்பு உண்டு. அக்காவைப் பார், தங்கையைப் பார் என்று கல்யாண வீட்டில் ஒப்பிட்டுப் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

2007இல் ஜார்ஜ் பெர்ரி, நதானியேல் டாமினி முதலானோர் செய்த ஆய்வுதான் இதை உலகம் கவனிக்க வைத்தது. அரிசியை நம்பி வாழும் ஜப்பானியர், கிழங்கு தோண்டித் தின்னும் தான்சானியாவின் ஹட்சா மக்கள் என மாவுச்சத்து நிறையச் சாப்பிடுவோரை ஒரு பக்கமும், மீனும் இறைச்சியும் பாலுமாக வாழ்ந்த சைபீரியாவின் யாகுட் போன்றோரை மறு பக்கமும் வைத்துப் பார்த்தார்கள். மாவுச்சத்துக்காரர்களில் 70 சதவீதம் பேருக்கு ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட பிரதிகள் இருந்தன. மற்றவர்களில் 37 சதவீதம் பேருக்குத்தான். பிரதிகள் கூடக் கூட எச்சிலில் நொதியும் கூடியது. சிம்பன்சிக்கு இரண்டே பிரதிதான்.

நம் வாசலில் படுத்துக் கிடக்கும் நாய்க்குட்டிக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஓநாய்க்குக் கணைய அமிலேஸ் மரபணு இரண்டு பிரதி. மனிதனோடு ஒட்டி வாழ்ந்து சோறும் ரொட்டியும் தின்னப் பழகிய நாய்களுக்கு நான்கிலிருந்து முப்பது வரை பெருகியிருக்கிறது என்று 2013இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் வீட்டு மிச்சச் சோற்றைத் தின்றே ஒரு பிராணியின் வயிறு மாறியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

மனிதனுக்கு இது எப்போது பெருக ஆரம்பித்தது? விவசாயம் வந்த பிறகு என்றுதான் முன்பு நினைத்தார்கள். 2024இல் வந்த ஓர் ஆய்வு 68 பழங்கால மனிதர்களின் மரபணுக்களைப் படித்து, முதல் பெருக்கம் 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கலாம் என்கிறது. உழவு வருவதற்கு எவ்வளவோ முன்னால் வேட்டையாடித் திரிந்தவர்களுக்கே நான்கு முதல் எட்டுப் பிரதிகள் இருந்திருக்கின்றன. விவசாயம் பரவிய பிறகு ஐரோப்பாவில் அது இன்னும் கூடியதை அதே ஆண்டு வந்த மற்றொரு ஆய்வு காட்டுகிறது.

நம் ஊர்ப்பக்கத்தில் நெல் எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று ஒன்றும் சொல்கிறேன், பழனிக்குப் போகும்போது பிள்ளைகளுக்குச் சொல். பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் பொருந்தல் என்று ஒரு கிராமம் இருக்கிறது, நம் திண்டுக்கல் மாவட்டம்தான். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அங்கே அகழாய்வு செய்தார். ஒரு ஈமக்குழியில் நான்கு கால் ஜாடி ஒன்று கிடைத்தது. அதற்குள் ஏறக்குறைய இரண்டு கிலோ நெல். அந்த நெல்லை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிக் காலம் கணித்தபோது கி.மு. 490 என்று வந்தது. அதே குழியில் தமிழி எழுத்து பொறித்த தாங்கியும் இருந்ததால் எழுத்தின் பழமையைத்தான் எல்லோரும் பேசினார்கள், அது நியாயம்தான். எனக்கு அந்த நெல்லும் பெரிதாகத் தெரிகிறது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சமவெளியில் இறந்தவருக்குப் பக்கத்தில் வைத்து அனுப்பும் அளவுக்கு நெல் உயர்ந்த பொருளாக இருந்திருக்கிறது.

உயர்ந்த பொருள் என்றால் தினமும் மூன்று வேளைக்கு உண்டு என்று அர்த்தமில்லை. வேடசந்தூர், குஜிலியம்பாறை, நத்தம் பக்கத்து மானாவாரிக் காட்டில் விளைந்தது சோளம், கம்பு, கேழ்வரகு, சாமை, வரகு. நெல்லுச்சோறு விசேஷ நாளில்தான் என்று நம் பாட்டி தலைமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். பசியைத் துரத்தியதில் ரேஷன் அரிசிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 2011 ஜூன் முதல் அது நம் மாநிலத்தில் விலையில்லாமலே கிடைக்கிறது. அதை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் இட்லி, மதியம் தீட்டிய அரிசிச் சோறு, இரவு தோசை, நடுவில் உட்கார்ந்த வேலை என்ற வாழ்க்கை இரண்டு மூன்று தலைமுறைக்குள் வந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மாறும் மரபணு இதற்குப் பழக இன்னும் நேரமே கிடைக்கவில்லை.

அப்படியானால் பரிசோதனை ஏன் வேண்டாம்?

2014இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பிரதிகள் நான்குக்கும் குறைவாக இருப்பவர்களுக்கு, ஒன்பதுக்கு மேல் இருப்பவர்களைவிட உடல் பருமன் வாய்ப்பு எட்டு மடங்கு என்றது. உனக்கு இந்தப் பரிசோதனையின் விளம்பரத்தை அனுப்பியவர்கள் அநேகமாக இதைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த ஆண்டே, 2015இல், இன்னும் துல்லியமான முறையில் எண்ணிப் பார்த்த வேறொரு குழு அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை என்று எழுதியது. அதை விளம்பரத்தில் யார் போடுவார்கள்?

ரத்தச் சர்க்கரை விஷயத்திலும் இதே கதைதான். எச்சில் அமிலேஸ் அதிகம் உள்ளவர்களுக்குக் கஞ்சி குடித்த பிறகு சர்க்கரை குறைவாகவே ஏறுகிறது, வாயில் இனிப்புத் தெரிந்தவுடன் உடம்பு முன்கூட்டியே இன்சுலினைத் தயார் செய்துவிடுகிறது என்று 2012இல் அமெரிக்காவில் கண்டார்கள். 2018இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வில் அதிகம் உள்ளவர்களுக்கே சர்க்கரை கூடுதலாக ஏறியது. நிபுணர்களே இரண்டு பக்கம் நிற்கும்போது, உன் கையில் ஒரு எண்ணைக் கொடுத்து "இட்லி சாப்பிடலாம், சோறு கூடாது" என்று ஒரு கம்பெனி சொன்னால் அதற்கு அடிப்படை கிடையாது.

அதற்குப் பதிலாக நீ செய்ய வேண்டிய பரிசோதனை வேறு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. அம்மாவுக்கு இருக்கிறது, ஆகவே நம் இருவருக்கும் வாய்ப்பு கூடுதல். வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சியும் பார்த்துவிடு. எச்பிஏ1சி 5.7க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 5.7 முதல் 6.4 வரை என்றால் எச்சரிக்கை, 6.5 தொட்டால் டாக்டரிடம் போயே ஆக வேண்டும். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சர்க்கரையைச் செலவில்லாமல் பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிற அக்காமாரும் இருக்கிறார்கள், வந்தால் கதவைச் சாத்தாதே.

உன் வீட்டுக்காரரையும் சேர்த்தே பார்க்கச் சொல். ஒல்லியாக இருக்கிறார் என்பது ஒரு சான்றிதழ் இல்லை. நம் மக்களுக்குக் கை கால் மெலிந்து வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்வது வழக்கம். தையல் டேப்பை எடுத்து இடுப்பை அள. ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் தராசு என்ன சொன்னாலும் கவனிக்க வேண்டும்.

மெல்லுவது பற்றி ஒரு திருத்தம்

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். வயிற்றுக்கு அது சரி. நெஞ்சு கரிப்பு, உப்புசம் உள்ளவர்கள் அவசரமாக விழுங்காமல் மென்றாலே பாதித் தொல்லை குறையும். மெதுவாகச் சாப்பிட்டால் வயிறு நிறைந்தது தெரிவதற்குள் இரண்டாம் சோறு போட்டுக்கொள்ளும் பழக்கமும் போகும்.

ஆனால் "நன்றாக மென்றால் சர்க்கரை ஏறாது" என்று யூடியூபில் சொல்கிறார்களே, அது சோற்றுக்குப் பொருந்தாது. ஒரே அளவு சோற்றைப் பதினைந்து தடவை மென்றவர்களையும் முப்பது தடவை மென்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், முப்பது தடவை மென்றவர்களுக்குத்தான் சர்க்கரை அதிகம் ஏறியது. சோறு கூழானால் நொதிக்கு வேலை சுலபம், குளுக்கோஸ் வேகமாக ரத்தத்தில் சேரும். எனவே அம்மாவிடம் போய் எண்ணி எண்ணி மெல்லச் சொல்லாதே. அவருக்கு முக்கியம் எவ்வளவு சோறு, எதற்குப் பின்னால் சோறு, எவ்வளவு குழைந்த சோறு என்பவைதான்.

முதலில் காய், கடைசியில் சோறு

நான் எல்லோரிடமும் வலியுறுத்துவது இந்த ஒன்றைத்தான், ஏனென்றால் இதற்குக் காசும் வேண்டாம், சமையலை மாற்றவும் வேண்டாம். 2015இல் நியூயார்க்கில் நீரிழிவு உள்ள 11 பேரை வைத்துப் பார்த்தார்கள். அதே சாப்பாடு, அதே அளவு. ரொட்டியை முதலில் தின்ற நாளைவிட, காயையும் கோழியையும் முதலில் தின்று ரொட்டியைக் கடைசியில் தின்ற நாளில், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை 37 சதவீதம் குறைவு. சின்ன ஆய்வுதான், ஆனால் காரணம் தெளிவு. நாரும் புரதமும் முதலில் போய் உட்கார்ந்தால் வயிறு மெதுவாகக் காலியாகும், மாவுச்சத்து குடலுக்குள் சிறுகச் சிறுகத்தான் இறங்கும்.

நம் வீட்டில் எப்படிச் செய்வது? இலை போட்டதும் சோற்றை வைக்காதே. முதலில் பொரியலும் கூட்டும். அவரைக்காய், புடலங்காய், முருங்கைக்கீரை எதுவானாலும் இரண்டு கரண்டி தாராளமாக. பக்கத்தில் சுண்டலோ முட்டையோ. அதைப் பாதி சாப்பிட்ட பிறகு சோறு. முதல் வாரம் உன் மாமியார் "இதென்ன புதுப் பழக்கம்" என்பார். அத்தைக்கும் அப்படியே பரிமாறு, வேலை முடிந்தது.

பிரியாணிக்கும் இதுதான். திண்டுக்கல்லில் பிறந்துவிட்டுப் பிரியாணி வேண்டாம் என்று உன்னிடம் சொல்ல எனக்கு மனசு வராது. 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல் பிறகு தலப்பாக்கட்டி என்று ஊர் ஊராகப் போனது. சீரக சம்பாவில் செய்தால்தான் பிரியாணி என்று உலகத்துக்கே சொன்ன ஊர் நம்முடையது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடு. முதலில் அவிச்ச முட்டை, கறித் துண்டு, தயிர் வெங்காயம். அப்புறம் சோறு, ஒரு பிளேட்டை இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள். கூடவே பாட்டில் குளிர்பானம் வாங்காதே, சோற்றைவிட வேகமாக ஏறுவது அதுதான். சாப்பிட்டதும் படுக்காமல் கால் மணி நேரம் நட. தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள குளுக்கோஸைத் தாமே எடுத்துக்கொள்ளும்.

பானைக்குள்ளே என்ன செய்யலாம்

சோற்றைக் குழைய விடாதே, பருக்கை தனித்தனியாக நிற்கட்டும். பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசி நல்லது. நெல்லை அவிக்கும்போது உமியை ஒட்டியுள்ள பி வைட்டமின்கள் உள்ளே இறங்குவதால் தீட்டிய பிறகும் மிச்சமிருக்கும். கஞ்சி வடித்தால் சர்க்கரைச் சத்து எல்லாம் போய்விடும் என்று நம்பி இரண்டு தட்டுச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. வடிப்பதில் கொஞ்சம்தான் போகும், பெரும்பகுதி சோற்றிலேயே இருக்கிறது. அதற்கென்று தனிக் குக்கர் விற்கிறார்கள், வாங்காதே.

ஆறிய சோற்றில் விஷயம் இருக்கிறது. சூடு தணியும்போது மாவுச்சத்தின் ஒரு பங்கு மறுபடி இறுகி, அமிலேஸ் எளிதில் வெட்ட முடியாத வடிவத்துக்குப் போய்விடும். அது பெருங்குடல்வரை சென்று அங்குள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாகும். இந்தோனேசியாவில் 2015இல் அளந்தார்கள். 100 கிராம் சூடான சோற்றில் 0.64 கிராம் இருந்த இந்த வகை மாவுச்சத்து, ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் வைத்துச் சூடாக்கியபோது 1.65 கிராமானது. கூடியது உண்மை, ஆனால் மொத்தத்தில் சின்ன அளவு. ஆகவே பழைய சோறு நல்லது, அளவாகச் சாப்பிட்டால். வெயில் காலத்தில் ஒன்றைக் கவனி. வடித்த சோற்றை ராத்திரி முழுக்க மூடிப் புழுங்க விடாதே. அதில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆறியதும் கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி மண்பானையில் வை, காலையிலேயே சாப்பிட்டு முடி. வாடை மாறியிருந்தால் கொட்டிவிடு.

சிறுதானியம் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். சாமையிலும் வரகிலும் இருப்பதும் மாவுச்சத்துத்தான், அமிலேஸ் அதையும் வெட்டும். நாரும் தாதுவும் கூடுதல் என்பதால் முழு அரிசியாக வடித்தால் நல்லது. அதையே நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி ஒரு சொம்பு குடித்தால் சோற்றைப் போலவே சர்க்கரை ஏறும். அம்மாவுக்குக் காலையில் கேழ்வரகுக் கூழ் கொடுத்துவிட்டு "சிறுதானியம்தானே" என்று இருக்காதே. ஒரு டம்ளருக்கு மேல் வேண்டாம், கூடவே மோரும் சின்ன வெங்காயமும் கொஞ்சம் சுண்டலும் கொடு.

வாழைப்பழத்துக்கும் இதே கணக்கு. காயில் மாவுச்சத்து, பழுக்கப் பழுக்க வாழையின் சொந்த அமிலேஸே அதைச் சர்க்கரையாக்கிவிடும். சிறுமலைப் பழம் கிடைத்தால் விடாதே, அதன் மணத்துக்கு ஈடில்லை. அம்மாவுக்கு மட்டும் தோல் கறுத்ததைக் கொடுக்காமல், பதமாகப் பழுத்ததில் ஒன்று, சாப்பாட்டோடு சேர்க்காமல் தனியாக.

சின்னவளுக்கும் அடுத்து வரப்போகும் குழந்தைக்கும்

பிறந்த குழந்தையின் எச்சிலில் அமிலேஸ் மிகக் குறைவு, மாதங்கள் போகப் போகத்தான் கூடும். கணையத்திலும் முதல் ஆறு மாதத்துக்கு அநேகமாக இல்லை. தாய்ப்பாலிலேயே அமிலேஸ் இருக்கிறது, அது ஒரு கொடை. அதனால் மூன்றாம் மாதமே கஞ்சித் தண்ணீர் கொடு என்று யார் சொன்னாலும் கேட்காதே. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு திட உணவு.

அந்த வயதில் ஒரு சிக்கல் வரும். கேழ்வரகுக் கஞ்சியைச் சத்தாகக் கெட்டியாகக் காய்ச்சினால் குழந்தை விழுங்காது. தண்ணீர் ஊற்றி நீர்க்க வைத்தால் சின்ன வயிறு தண்ணீராலேயே நிறைந்துவிடும், எடை ஏறாது. இதற்கு விடை முளைகட்டிய மாவு. தானியம் முளைக்கும்போது தனக்கு வேண்டிய அமிலேஸைத் தானே செய்துகொள்கிறது. 1980களில் பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் இதை வைத்து நிறைய வேலை செய்தார். கெட்டிக் கஞ்சியில் முளைமாவு கொஞ்சம் கலந்தாலே, தண்ணீர் சேர்க்காமல் அது இளகிவிடும் என்று காட்டினார். மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்திலும் கேழ்வரகு முளைமாவில் குழந்தை உணவு செய்தார்கள்.

கேழ்வரகைக் கழுவி ஒரு ராத்திரி ஊறவை. ஈரத் துணியில் கட்டி ஒன்றிரண்டு நாள் முளைக்க விடு. நிழலில் நன்றாக உலர்த்தி, முளையை உதிர்த்து, வாசம் வரும்வரை மட்டும் இளஞ்சூட்டில் வறுத்து அரை. கருக வறுத்தால் நொதி செத்துப் போகும், அப்புறம் அது வெறும் மாவுதான். சாதாரண கேழ்வரகு மாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி அடுப்பை அணைத்து, கொதி அடங்கியதும் இந்த முளைமாவை ஒரு டீஸ்பூன் போட்டுக் கிளறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளகும். பிறகு இன்னொரு கொதி விட்டு இறக்கு, கிருமி பயம் இருக்காது. துளி நெய் சேர்த்துக்கொள்.

சின்னவளின் பல்லை மறந்துவிடாதே. மாவுச்சத்து வாயிலேயே சர்க்கரையாகிறது என்றேனே, அந்தச் சர்க்கரை பல்லிடுக்கில் தங்கினால் சொத்தை. மிட்டாயை மட்டும் தடுத்துவிட்டு பிஸ்கட்டும் சிப்ஸும் கொடுப்பதில் பயனில்லை, அவைதான் கடைவாயில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். சோற்றை வாயில் அடக்கிக்கொண்டே தூங்குகிற பழக்கம் அவளுக்கு இருக்கிறது என்றாயே, அதை முதலில் நிறுத்து. எது தின்றாலும் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கப் பழக்கு, ராத்திரி பல் தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம்.

அம்மாவின் வறண்ட வாய்

அம்மா சோறு இறங்கவில்லை, நாக்கு ஒட்டுகிறது என்கிறார் அல்லவா. வயசானால் அப்படித்தான் என்று தள்ளிவிடாதே. சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் வாய் உலரும். ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவும், அலர்ஜிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் மாத்திரைகளும் எச்சிலைக் குறைக்கும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டி, வாய் வறட்சியைத் தனியாகச் சொல். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது.

அதுவரை சோற்றில் ரசமோ மோரோ கூடுதலாக விட்டுப் பிசைந்து கொடு, கவளம் சின்னதாக இருக்கட்டும், நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர். வெற்றிலை பாக்கு போடுவதைக் குறைக்கச் சொல், வாயைத் துவரச் செய்வதில் பாக்குக்குப் பெரிய பங்கு உண்டு. பல் செட்டைத் தினமும் ராத்திரி கழற்றிக் கழுவி வைக்க வேண்டும். எச்சில் குறைந்த வாயில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், நாக்கில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அன்றைக்கே பல் டாக்டரிடம் அழைத்துப் போ. நான் ஊருக்கு வருவதற்குள் உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் அம்மாவுக்கும் எச்பிஏ1சி ரிசல்ட் வந்திருக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பு.

அன்புடன்,
அக்கா